காகிதத் தூசிக்குக் கணக்கு வைப்பது யார்?

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்றைக்குப் பிடிக்கிற வேகம் மார்கழி கழிந்து தை பிறக்கும்வரை இறங்காது. ஆர்டர் பிடித்துவரும் ஏஜென்டுகள், லாரியில் வந்திறங்கும் காகித ரீல்கள், இரவும் பகலும் ஓடும் ஆப்செட் இயந்திரங்கள் என்று ஊரே காகிதத்தை நம்பி நிற்கும். காலண்டர் ஓய்ந்தால் நோட்டுப் புத்தகம் வந்துவிடும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அது கடைக்குப் போய்ச் சேர வேண்டும். இடையில் பாடநூல், டைரி, லேபிள், அட்டைப்பெட்டி. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததில் தொடங்கிய கதை இது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சு வந்தது. அச்சு பிறகு தனித் தொழிலாகவே வளர்ந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற ஊரின் மூன்று தொழில்களில் பட்டாசுக்கு மட்டும் நாட்டின் கவனம் கிடைக்கிறது, அதுவும் வெடித்து உயிர்கள் போன மறுநாள். பைண்டிங் கூடங்களில் நாள் முழுக்கக் கிளம்பும் காகிதத் தூசி யாரையும் ஒரே நாளில் கொல்வதில்லை. ஆகவே அது செய்தியாவதில்லை. அதைப் பற்றி எழுத இதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

அச்சடிக்கும் வேலையைவிட அதற்குப் பிந்திய வேலைகளில்தான் தூசி அதிகம். அச்சான தாள் கட்டிங் மிஷினுக்கு வரும். கத்தி இறங்கும் ஒவ்வொரு முறையும் அடுக்கின் ஓரத்திலிருந்து இழைத் துணுக்குகள் உதிரும். கத்தி மழுங்கியிருந்தால் இன்னும் கூடுதலாக உதிரும். வெட்டிய கட்டை எடுத்து விசிறி, மேசையில் தட்டி ஓரம் சேர்ப்பார்கள். அப்போது தாள்களுக்கு நடுவே ஒட்டியிருந்ததெல்லாம் தட்டுபவரின் முகத்துக்கு நேராகக் கிளம்பும். மடிப்பு, துளை போடுதல், எண்ணி அடுக்குதல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும். எல்லாவற்றிலும் மோசமானது பர்ஃபெக்ட் பைண்டிங். பசை நன்றாகப் பிடிக்க வேண்டுமென்று புத்தகத்தின் முதுகை இயந்திரம் சுரண்டிச் சொரசொரப்பாக்கும். அங்கே உதிர்வது பொடி. மாவு அரைக்கும் இடத்தில் படிவதுபோல் இயந்திரத்தின் மேலும் ஆளின் புருவத்திலும் வெள்ளையாகப் படியும்.

காகிதம் என்றால் மரக்கூழ் என்று மட்டும் நினைக்கிறோம். எழுதவும் அச்சடிக்கவும் பயன்படும் தாள்களில் கணிசமான பங்கு கனிமப் பொடி. வெண்மைக்கும் வழவழப்புக்கும் மை ஊறாமல் நிற்பதற்கும் கால்சியம் கார்பனேட், சீனக் களிமண், டால்க் போன்றவற்றைக் கூழோடு கலக்கிறார்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அவை மேற்பூச்சாகவும் வரும். காகித இழை நீளமானது, கண்ணுக்குத் தெரியும், சீக்கிரம் கீழே விழும். கனிமத் துகளோ ஓரிரு மைக்ரான் அளவில்கூட இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சிறியது என்று புரியும். மேசைமேல் விரலால் கோடு கிழிக்கத் தெரிகிற தூசியைக் கண்டு நாம் முகம் சுளிக்கிறோம். ஜன்னல் வெயிலில்கூடத் தெரியாமல் மிதப்பதுதான் நெஞ்சின் ஆழத்துக்குப் போகிறது. இத்துடன் ஆப்செட் கூடத்தில் ஈர மை அடுத்த தாளில் ஒட்டாதிருக்கத் தூவும் ஸ்ப்ரே பவுடரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் ஸ்டார்ச் மாவு. தாளோடு கூடவே வந்து, தட்டும்போது கிளம்பிவிடும்.

இந்தக் கூடங்களில் காற்று எப்படி இருக்கிறது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலிலும் பைண்டிங் மேசைகளுக்கு மேலே மின்விசிறியை நிறுத்தி வைத்திருப்பார்கள். விசிறி ஓடினால் மெல்லிய தாள் பறந்துவிடும். ஜன்னலையும் அடைத்திருப்பார்கள், வெளிக்காற்றின் ஈரப்பதம் மாறினால் தாள் நெளியும், வெளித்தூசி வந்தால் அச்சு கெடும். ஆக, தாளின் நலனுக்காகக் காற்றை நிறுத்தியிருக்கிறோம். தாளைப் பறக்க வைக்காமல் தூசியை மட்டும் உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடு உலகில் இல்லாமலில்லை. பெரிய அச்சகங்கள் சிலவற்றில் அதைக் காணலாம். சிறு ஜாப் ஒர்க் கூடங்களில் அது அபூர்வம்.

அங்கே இருப்பது ஏர் கன். ஷிப்ட் முடியும்போதோ பேப்பர் மாற்றும்போதோ கம்ப்ரசர் குழாயைப் பிடித்து இயந்திரத்தின் இண்டு இடுக்கெல்லாம் பீய்ச்சி அடிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் இயந்திரம் பளிச்சென்று ஆகிவிடும். போகும்போது சட்டையையும் தலைமுடியையும் அதே காற்றில் உதறிக்கொள்வார்கள். நாள் முழுக்க மெல்ல மெல்லக் கீழே படிந்த தூசி மொத்தமும் அந்த ஐந்து நிமிடத்தில் மறுபடியும் மூச்சு மட்டத்துக்கு எழும்புகிறது. கனமானது விழும், மெல்லியது அடுத்த ஷிப்ட் ஆட்களுக்காகக் காத்திருக்கும். இந்த ஒரு பழக்கத்தை நிறுத்தினாலே பாதிக் காரியம் முடிந்தது என்பேன். எட்டு மணி நேரத்தில் ஒரு தொழிலாளி இழுக்கும் தூசியில் பெரும் பங்கு இப்படிச் சில நிமிடங்களில் போய்ச் சேரலாம் என்பது தொழில் சுகாதாரத் துறையில் நன்கு அறியப்பட்ட விஷயம்.

உடலுக்குள் போனதும் என்ன ஆகிறது? பெரிய துகள்களை மூக்கு பிடித்துக்கொள்ளும். ஆனால் நாள் தவறாமல் அந்த வேலையைச் செய்யும் மூக்கு வறண்டுபோகும். உள்ளே பொருக்குத் தட்டும், அடைக்கும், சில நேரம் ரத்தம் கசியும். தொண்டை கரகரக்கும், கண் உறுத்தும். தாள் கையின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடுவதால் விரல் நுனிகள் வெடிக்கும். பத்து மைக்ரானுக்குக் கீழானவை குரல்வளையைத் தாண்டும். நான்கு மைக்ரானுக்குக் கீழானவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கும். இழையின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. உள்ளே தங்கியதைக் கரைக்க உடலுக்கு வழி கிடையாது, சளியோடு வெளியேற்றத்தான் முயலும். அதனால்தான் பைண்டிங் ஆட்களுக்குக் காலையில் இருமலும் சளியும். சிலருக்கு மூச்சுக்குழல் எரிச்சல் நிரந்தரமாகி, நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியாகிறது. வேறு சிலருக்கு ஆஸ்துமா வருகிறது. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது முற்றுகிறது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. காகிதத் தூசி சிலிக்கா தூசி அல்ல. கல் குவாரியிலும் கண்ணாடித் தொழிலிலும் வரும் சிலிகோசிஸ்போல நுரையீரலைக் கல்லாக்கி ஆளைக் கொல்லும் நோய் இதனால் வரும் என்று யாராவது சொன்னால் அது பயமுறுத்தல். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. காகிதத் தூசிக்கு அப்படியொரு முத்திரை இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். கொல்லாத நோய்க்கு மதிப்பில்லை என்ற எண்ணம்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நாற்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் நடுவில் நிற்பதும், இருமலுக்குப் பயந்து இரவில் உட்கார்ந்தே தூங்குவதும், பீஸ் ரேட்டில் நாளைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கும் கூலி மூச்சோடு சேர்ந்து குறைவதும் மரணச் சான்றிதழில் வராது. ஒரு குடும்பத்தின் நடுத்தர வயதை அவை தின்றுவிடும்.

இந்த விஷயத்தை உலகத்தில் ஒழுங்காகப் பார்த்தவர்கள் சுவீடன்காரர்கள். டிஷ்யூ பேப்பர் செய்யும் ஆலைகளில் தூசி மிக அதிகம். அங்கு வேலை செய்தவர்களை 1980-களிலிருந்து அந்நாட்டு ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். கோதன்பர்க் பல்கலைக்கழகத்தின் ஷெல் டொரேன் குழுவினரின் ஆய்வுகள் இதில் முக்கியமானவை. மூக்கடைப்பும் பொருக்கும் இருமலும் தூசியின் அளவோடு கூடுவதைப் பார்த்தார்கள். ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராமுக்கு மேல் தூசி இருந்த வேலைகளில் நெடுநாள் இருந்தவர்களின் மூச்சுத்திறன் குறைந்திருப்பதையும் பதிவு செய்தார்கள். சுவீடனில் இன்று காகிதத் தூசிக்கென்றே தனி வரம்பு உண்டு: கனமீட்டருக்கு 2 மில்லிகிராம். அமெரிக்காவில் காகித இழையைச் செல்லுலோஸ் என்ற பெயரில் பட்டியலிட்டு, மொத்தத் தூசிக்கு 15 மில்லிகிராம், நுரையீரலுக்குள் இறங்கக்கூடிய மென்தூசிக்கு 5 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கிறதே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். தங்கள் தொழிலாளர்களை உட்கார வைத்துப் பத்தாண்டுக் கணக்கில் மூச்சை அளந்த நாடு குறைந்த வரம்பை வைத்திருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம். டிஷ்யூ பேப்பரை விட நோட்டுத் தாள் தூசி குறைவாகத்தான் உதிர்க்கும் என்பதும் உண்மை. சுவீடன் ஆலைக்கும் விசிறி நிறுத்தப்பட்ட நம் கூடத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சலுகையைத் தின்றுவிடாதா என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளப்பது கடினமான காரியமும் அல்ல. சிறிய பம்பு ஒன்றை இடுப்பில் மாட்டி, வடிதாள் வைத்த சிமிழைச் சட்டைக் காலரில் குத்திவிட்டால், தொழிலாளி வேலை செய்யும் நேரம் முழுக்க அவர் இழுக்கும் காற்றின் மாதிரி அதில் சேரும். வேலைக்கு முன்னும் பின்னும் வடிதாளை எடை போட்டால் கணக்கு வந்துவிடும். சென்னைத் தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. மாநிலத்துக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. கருவியும் தெரிந்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள்.

"இருபது வருஷமா இங்க வேலை பார்க்கிறவங்க எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க" என்று கூடங்களின் உரிமையாளர்கள் சொல்வதுண்டு. பொய் சொல்வதற்காகச் சொல்வதில்லை. அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். மூச்சு வாங்கியவர்கள் மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ வேலையை விட்டுவிட்டு, ஊரில் ஆடு மேய்க்கவோ நூறு நாள் வேலைக்கோ போய்விட்டார்கள். எஞ்சி நிற்பவர்கள் இயல்பிலேயே தாங்கும் நெஞ்சு உள்ளவர்கள். தங்கியவர்களை மட்டும் எண்ணி எந்தத் தூசியையும் நல்ல தூசி என்று நிரூபித்துவிடலாம். விலகிப் போனவர்களின் முகவரி தேடிப் போனால்தான் உண்மையான எண்ணிக்கை கிடைக்கும். அப்படித் தேடிப் போகும் பொறுப்பு இன்று யாருக்கும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

மருத்துவமனையிலும் இந்தத் தூசி பெயரில்லாமல்தான் நிற்கிறது. இருமலோடு ஒருவர் வந்தால் பீடி உண்டா, சிகரெட் உண்டா என்று கேட்பார்கள். சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இரண்டும் தேவையானவை. அத்தோடு மருந்தும் சிரப்பும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வி பெரும்பாலும் வராது. வந்தாலும் "பிரஸ்ல வேலை" என்ற பதிலோடு முடிந்துவிடும். நோயாளியிடம் தொழில் என்ன என்று கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு இத்தாலியின் பெர்னார்டினோ ரமசினி எழுதிவைத்தது 1700-ஆம் ஆண்டில். தொழில்களால் வரும் நோய்களைப் பற்றிய அவருடைய நூலின் பிந்திய பதிப்பில் அச்சுத் தொழிலாளர்களுக்கும் ஓர் இயல் உண்டு. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

கேட்டால் பதில் கிடைக்கும், அதுவும் தெளிவாகக் கிடைக்கும். வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூச்சு இலகுவாகும். திருவிழாவுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனால் இருமலே இருக்காது. திங்கட்கிழமை மாலை நெஞ்சு மறுபடி இறுகும். இதை உறுதி செய்ய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சிறு குழல். வாயில் வைத்து ஓங்கி ஊதினால் முள் நகர்ந்து அளவைக் காட்டும். வேலை நாளிலும் விடுமுறை நாளிலும், ஒரு நாளைக்கு நான்கு முறை வீதம், இரண்டு மூன்று வாரம் ஊதிக் குறித்துவந்தால் வேலை நாள்களில் பள்ளமும் விடுமுறையில் மேடுமாகக் கோடு தானே எழும்பும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள், தொழிற்கூடங்களுக்கும் போகிறார்கள். அந்தப் பையில் இந்தக் குழலையும் வைத்துவிடலாம். சிவகாசி வட்டாரத்தில் மட்டுமாவது வைத்துப் பார்க்கலாம்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. கட்டிங் மிஷினில் ஆண்கள் நிற்பார்கள். மடிப்பது, எண்ணுவது, அடுக்குவது, ஒட்டுவது எல்லாம் பெண்கள். ஒரு கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. தட்டி அடுக்கும்போது முகம் மேசைக்கு மிக அருகே இருக்கும். பீடியைத் தொட்டறியாதவர்கள், ஆகவே அவர்களுடைய இருமலுக்குப் புகையைக் காரணம் காட்டவும் வழியில்லை. கூடத்தில் முடியாத வேலை வீட்டுக்கும் வரும். கவர் ஒட்டுவது, காகிதப் பை செய்வது, பட்டாசுக்குக் காகிதக் குழல் சுற்றுவது என்று திண்ணையிலும் ஒற்றை அறையிலும் நடக்கும். அதே அறையில் அடுப்பு, அதே அறையில் கைக்குழந்தை. அந்த வீடுகளுக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் போக முடியாது. சட்டத்தின்படி அது தொழிற்சாலையே அல்ல.

சிவகாசிக்கு வெளியேயும் இதே தூசி வேறு வடிவங்களில் உண்டு. பழைய பேப்பர் குடோன்களில் மக்கிய தாளோடு பூஞ்சையும் எலி எச்சமும் கலந்திருக்கும். நீதிமன்றங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் உள்ள பதிவறைகளில் ஐம்பது ஆண்டுக் கோப்பை இழுத்துத் தட்டும் ஊழியர் இழுப்பது காகிதத் தூசியை மட்டுமல்ல, பூஞ்சை வித்துகளையும்தான். அவை சிலருக்குக் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சியைத் தரக்கூடும். அரசு ஊழியர் சங்கங்கள் அகவிலைப்படிக்காகப் போராடும் வேகத்தில் சிறு பங்கைப் பதிவறைக் காற்றுக்காகவும் காட்டினால் நல்லது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு தெளிவாகவே பேசியது. தொழிலாளிக்குத் தீங்கோ தொல்லையோ தரும் அளவில் தூசி கிளம்பும் எந்த வேலையிலும் அது மூச்சில் போகாமலும் கூடத்தில் சேராமலும் தடுக்க வேண்டும். உறிஞ்சும் கருவி தேவையென்றால் அதைத் தூசி கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். இதைவிடச் சரியாக ஒரு பொறியாளர்கூடச் சொல்லியிருக்க முடியாது. அதே சட்டத்தின் முதல் அட்டவணை, ஆபத்தான செய்முறைகள் கொண்ட தொழில்களில் கூழையும் காகிதத்தையும் காகிதப் பொருள்களையும் சேர்த்தது. ஆனால் காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்று வரம்பு சொன்ன இரண்டாம் அட்டவணையில் காகிதத் தூசியின் பெயர் இருக்கவில்லை. இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலில் கரும்புச் சக்கைத் தூசியால் வரும் பகாசோசிஸ் இருக்கிறது, பருத்தித் தூசியால் வரும் பிசினோசிஸ் இருக்கிறது, கரிமத் தூசியால் வரும் ஒவ்வாமை நுரையீரல் நோயும் இருக்கிறது. புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் ஆலையில் சக்கைத் தூசியால் நோய் வந்தால் சட்டத்தில் பெயர் உண்டு. அந்தத் தாளைச் சிவகாசியில் வெட்டும்போது வரும் இருமலுக்குப் பெயர் இல்லை. வரம்பு இல்லாத இடத்தில் ஆய்வாளர் எதை வைத்து நோட்டீஸ் கொடுப்பார்?

இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. 2020-இல் நிறைவேறிய இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. முன்பு மின்சக்தி உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. இனி 20 பேர் வேண்டும். மின்சக்தி இல்லாத இடத்துக்கு 20 என்று இருந்தது 40 ஆகிவிட்டது. பைண்டிங் கூடங்களின் அளவு தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் இடங்கள்தான் அங்கே மிகுதி. அவை தொழிற்சாலை என்ற வரையறையிலிருந்தே வெளியேறிவிடுகின்றன. அதே தொகுப்பில் ஒரு வாசலும் இருக்கிறது: ஆபத்தான பணி நடக்கும் இடம் என்று மத்திய அரசு அறிவித்தால் ஆள் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சட்டம் பொருந்தும். காகிதத்தை வெட்டியும் சுரண்டியும் பைண்டிங் செய்யும் கூடங்களை அந்த அறிவிப்பில் சேர்க்கும்படி மாநில அரசு கேட்க வேண்டும். கூடவே, சுவீடனின் 2 மில்லிகிராமைப் பார்த்து ஒரு வரம்பும் எழுதப்பட வேண்டும்.

வரம்பு வந்தால் தொழில் படுத்துவிடும் என்ற பேச்சு உடனே கிளம்பும். பருத்தியின் வரலாறு இதற்குப் பதில் சொல்லும். பருத்தியும் செல்லுலோஸ்தான். நூற்பாலைத் தொழிலாளர்களுக்கு வாரத் தொடக்கத்தில் நெஞ்சு இறுகும் நோயைப் பல காலம் முதலாளிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 1978-இல் நூற்பு வேலைக்குக் கனமீட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற வரம்பு வந்தபோது ஆலை முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981-இல் தொழிலாளர் பக்கம் தீர்ப்பு வந்தது. பழைய இயந்திரங்களை மாற்றினார்கள், தூசி உறிஞ்சிகளை வைத்தார்கள், நோய் சரிந்தது. நம் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையத்திலேயே நூற்பாலைகளில் இயந்திரத்தோடு இணைந்த தூசி உறிஞ்சிகள் ஓடுகின்றன. நூலுக்கு முடிந்தது தாளுக்கு முடியாதா?

இந்த இடத்தில் முகக்கவசம் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நிறுத்திக்கொள்வார்கள். துண்டையும் முந்தானையையும் மூக்கில் கட்டுவதால் பெரிய இழைகள் தடுக்கப்படும், மென்தூசி போய்க்கொண்டே இருக்கும். அறுவைக்கூட முகமூடியின் ஓரத்திலும் காற்று புகும். என்95 சரியாகப் பொருந்தினால் தடுக்கும். ஆனால் நாற்பது டிகிரி வெயிலில், விசிறி நிறுத்திய கூடத்தில், எட்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு கட்டுக் கணக்கில் வேலை செய்யச் சொல்வது மனிதத்தன்மை உள்ள ஆலோசனை இல்லை. கழற்றித்தான் வைப்பார்கள். பிறகு "மாஸ்க் கொடுத்தோம், அவங்கதான் போடல" என்று பழி அவர்கள் தலையில் விழும். முகக்கவசம் குப்பை அள்ளும்போதும் இயந்திரம் சுத்தம் செய்யும்போதும் சில நிமிடங்களுக்குப் பயன்படட்டும்.

செய்ய வேண்டியது இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கிறது. முதுகு சுரண்டும் இடத்துக்கு மூடியும் உறிஞ்சு குழாயும் வேண்டும். அந்தக் குழாய் வடிகட்டிப் பையில் முடிய வேண்டும், ஜன்னலுக்கு வெளியே தெருவில் அல்ல. கட்டிங் மிஷின் கத்தியைக் காலத்தில் சாணை பிடிக்க வேண்டும். தட்டும் மேசையின் பின்புறம் காற்றை இழுக்கும் துளைகள் வைத்தால் தாள் பறக்காது, தூசி முகத்துக்கு வராமல் எதிர்ப்பக்கம் போகும். ஏர் கன்னை எடுத்துவிட்டு நல்ல வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரை வைக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் ஈரத்துணியால் துடைக்கலாம். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது நிற்க வேண்டும். இவற்றில் பாதிக்குச் செலவே கிடையாது.

நெஞ்சுக்காகச் செய்யத் தயங்குபவர்கள் தீக்காகவாவது செய்யட்டும். காகிதத் தூசி எரியக்கூடியது. காற்றில் போதிய அளவு மிதக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கவும் கூடியது. உத்தரத்திலும் மின்விளக்கிலும் மோட்டார் மேலும் மில்லிமீட்டருக்கும் குறைவான படலமாகப் படிந்திருந்தால்கூட அதைக் கவனிக்க வேண்டிய அளவாகவே அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறிகள் கொள்கின்றன. தீயைப் பற்றிச் சிவகாசிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து சிதறிக் கிடந்தால் பதறும் ஊர், பைண்டிங் கூடத்து உத்தரத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம்.

பணம் யார் போடுவது என்பதுதான் கடைசியில் நிற்கும் கேள்வி. சிறு ஜாப் ஒர்க் கூடத்து உரிமையாளர் பலரும் தானே கட்டிங் மிஷினில் நிற்பவர். அதே தூசியைத்தான் அவரும் இழுக்கிறார். ஒரு நோட்டுக்குச் சில பைசா என்று பேரம் பேசி வாங்கும் கம்பெனியை வைத்துக்கொண்டு அவரிடம் மட்டும் உறிஞ்சி வை என்று சொல்வது நியாயமாகாது. சிறு தொழில் மானியக் கடன்களில் புது இயந்திரத்துக்கு இடம் இருப்பதுபோல் தூசி உறிஞ்சிக்கும் இடம் வேண்டும். வாங்குபவர்களில் மிகப் பெரியவர் அரசே. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கணக்கான பாடநூல்களை டெண்டர் விட்டு அச்சடிக்கிறது. இத்தனை கிராம் தாள், இன்ன வெண்மை, இன்ன பைண்டிங் என்று அந்த டெண்டரில் நிபந்தனைகள் உண்டு. முதுகு சுரண்டும் இயந்திரத்தில் தூசி உறிஞ்சி ஓட வேண்டும், ஏர் கன்னால் கூடத்தைச் சுத்தம் செய்யக் கூடாது, ஆண்டுக்கொரு முறை காற்றை அளந்த அறிக்கையும் தொழிலாளரின் மூச்சளவும் தர வேண்டும், துணை ஒப்பந்தத்தில் வேலை வாங்கும் சிறு கூடங்களுக்கும் இது பொருந்தும் என்று நான்கு வரிகளை அடுத்த கல்வியாண்டு டெண்டரில் சேர்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பள்ளிக்கல்வித் துறை அமைச்சரின் ஒரு கையெழுத்து போதும்.